நீ காலியாக விட்ட ட்ராக்

அன்புள்ள தம்பிக்கு, உன்னைப் பெற்ற அத்தாவின் சலாம்.

இங்கே எல்லாரும் நலமாக இருக்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவ்வளவு கனமான கவரைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று நீ பயந்துவிடக் கூடாது. என் கடிதத்தின் நீளம் உனக்குத் தெரிந்ததுதான். நலம், மழை இல்லை, உடம்பைப் பார்த்துக்கொள், இதற்கு மேல் எனக்கு எழுத வராது என்று உன் அம்மா கல்யாணமான நாளிலிருந்து கேலி செய்கிறாள். இந்த முறை அவளே உன் பழைய நோட்டுப் புத்தகத்திலிருந்து தாள்களைக் கிழித்துக் கொடுத்து, தீர்ந்துபோனால் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போயிருக்கிறாள். பிற்பகல் நேரம். உன் மகள் தூங்குகிறாள். மருமகள் ஷமீமும் அவள் பக்கத்திலேயே கண்ணயர்ந்துவிட்டாள். ஜங்ஷனில் ரயில் பெட்டிகளைப் பூட்டுகிற சத்தம் தூரத்தில் கேட்கிறது. இந்தக் கவருக்குள் இரண்டு சிடி வைத்திருக்கிறேன். அவற்றைக் கம்ப்யூட்டரில் போடுவதற்கு முன்னால் இதை முழுக்கப் படித்துவிடு. பாதியில் நிறுத்திவிட்டு முழுக்கப் படித்தேன் என்று சொல்லாதே. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

நீ சவூதிக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் ஜும்மா முடிந்ததும் போன் செய்கிறாய். மூன்று வாரத்துக்கு முன்பு நீ பேசியபோது ஷமீம் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். குழந்தை உன் போட்டோவைப் பார்த்து 'த்தா, த்தா' என்கிறாள் என்று அவள் சொன்னாள். நீ "சரி சரி, நல்லது" என்றாய். பிறகு, தொட்டில் கட்டுவதற்கு உன் அறையில்தான் காற்று வருகிறது, அங்கே இருக்கும் உன் கம்ப்யூட்டரை என்ன செய்வது என்று கேட்டாள். அதற்கும் அதே குரலில், அதுதான் ஓடவே இல்லையே, தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றாய். போனை வைத்த பிறகு என் மனசு எதிலும் நிற்கவில்லை. அந்த "சரி சரி, நல்லது" காதிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. எங்கேயோ கேட்ட குரல். எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

தூக்கிப் போடு என்று நீ சுலபமாகச் சொல்லிவிட்டாய். எனக்குக் கை வரவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். சேத்தியாத்தோப்பில் யாரோ கம்ப்யூட்டர் சென்டரை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், அதைப் பழையதாக வாங்கினாய். டிவி மாதிரி இருக்கிற அந்தக் கனமான மானிட்டரைப் பெட்ஷீட்டில் சுற்றி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டே வந்தாய். இறங்கியபோது தொடை மரத்துப்போய் நொண்டி நொண்டி நடந்தாய், முகத்தில் மட்டும் அப்படி ஒரு சிரிப்பு. அதோடு பாட்டு வாசிக்கிற உன் கீபோர்டை இணைத்தாய், தலையில் ஒரு மைக்கை மாட்டிக்கொண்டாய், கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்கப் பாட்டுப் பதிந்தாய். செராமிக் கம்பெனியில் வேலை முடிந்து, சட்டையெல்லாம் வெள்ளைத் தூசியோடு வந்த நான் ஒருநாள் உன் அறை வாசலில் நின்றபடியே கேட்டேன்: "யார்ரா கேக்கப் போறா இதையெல்லாம்?" நீ கோபப்படவில்லை. மைக்கை ஒதுக்கிவிட்டு, "கேக்கறவங்க கேப்பாங்கத்தா" என்றாய். சொல்லிவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாய். நான் அதை எதிர்ப்பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். அந்த வாரமே தெரிந்தவர்களிடம் உன் விசாவுக்குச் சொல்லிவைத்தேன். அது கைக்கு வருவதற்குள் உனக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்டது. ஜங்ஷனில் நீ ரயிலேறியபோது அம்மாவைக் கட்டிக்கொண்டாய், குழந்தையை முகர்ந்தாய், என்னிடம் "போயிட்டு வரேன்" என்று மட்டும் சொன்னாய்.

ஆகவே குப்பைக்குப் போக வேண்டியதை நான் பழுது பார்க்கக் கிளம்பினேன். உன் சிநேகிதன் செல்வம், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறானே, அவனைக் கூட்டிவந்தேன். அவனும் உன்னைப் போலவே என்னை அத்தா என்றுதான் கூப்பிடுகிறான். மூடியைக் கழற்றி ஊதினான், இரண்டு பேரும் தும்மினோம். விண்டோஸ் கெட்டுப்போயிருக்கிறது, அதை அழித்துவிட்டு மறுபடி போட வேண்டும், ஆனால் நீ பதிந்த பாட்டெல்லாம் வேறு டிரைவில் பத்திரமாக இருக்கிறது என்றான். போட்டும் கொடுத்தான். பாட்டுகளைத் திறக்கப் பார்த்தால் ஒன்றும் திறக்கவில்லை. அவை எந்தச் சாப்ட்வேரில் பதியப்பட்டனவோ அது இருந்தால்தான் திறக்குமாம். அதனால் அந்தச் சாப்ட்வேரின் புதுப் பதிப்பை எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டான். பாதி வரை ஓடிவிட்டுக் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நின்றது. மறுநாள் மறுபடி போட்டோம், அன்றும் நின்றது. மூன்றாவது முறை கரண்ட் போய்விட்டது. செல்வத்துக்குக் கடையில் ஆள் இல்லை. "இதுல இருக்கற மெமரிக்குப் புதுசெல்லாம் தாங்காதுத்தா. அவன் பழசு ஏதாவது வெச்சிருப்பான், தேடிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

தேடினேன். உன் அட்டைப் பெட்டியில், ஒயர்களுக்கு அடியில் அந்த சிடி இருந்தது. கீபோர்டோடு சேர்ந்து வந்தது போலிருக்கிறது. அதன் மேல் மார்க்கரால் நீயே எழுதியிருந்தாய்: 'இதுதான் ஓடும். புதுசு போடாதே.' யாருக்காக எழுதினாயோ, எனக்காகவே எழுதிவைத்தது போல இருந்தது. மூன்று நாள் புதுசோடு மல்லுக்கட்டியவன் அதைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். சிடி தட்டு வெளியே வர மறுத்தது. ஷமீம் தன் கொண்டை ஊசியை நிமிர்த்திக் கொடுத்தாள், அந்தச் சின்ன ஓட்டைக்குள் குத்தினேன், தட்டு நாக்கை நீட்டுவது போல வெளியே வந்தது. செல்வம் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு பெட்டியிலும் 'நெக்ஸ்ட்' என்பதை அழுத்திக்கொண்டே போனேன். ஓர் இடத்தில் கீ நம்பர் கேட்டது. சிடியில் இல்லை, உறையில் இல்லை. பெட்டியை மறுபடி கவிழ்த்தேன். அடியிலிருந்து ஒரு பழைய கேசட் விழுந்தது. அதற்குள் இருந்த அட்டையின் பின்பக்கத்தில் அந்த நம்பரை நீ பென்சிலால் எழுதியிருந்தாய். நம்பர்தான் கிடைத்துவிட்டதே என்று கேசட்டை ஜன்னலில் வைத்துவிட்டேன். அது என்ன கேசட் என்று அப்போதும் நான் பார்க்கவில்லை.

நம்பரைத் தட்டியதும் ஒரு நீலப் பட்டை தோன்றி, மெல்ல மெல்ல நகரத் தொடங்கியது. அது நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தூக்கமும் இல்லை விழிப்பும் இல்லை என்று ஒரு நிலை வருகிறது. ஜன்னல் திரை காற்றில் உப்பி அடங்கியது. வெயில் மானிட்டர் கண்ணாடியில் விழுந்து, அதில் என் முகமும் பின்னால் தொட்டிலும் மங்கலாகத் தெரிந்தன. அந்தக் காலத்தில் நான் சவூதியில் வேலை பார்த்தபோது இருந்த அறைக்குள் மனசு போய்விட்டது. எட்டுப் பேர் ஓர் அறையில். எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரு டேப் ரிக்கார்டர். அப்போது போன் எல்லாம் ஏது? ஊருக்குப் போய்வருகிறவர்கள் கையில் கேசட் வரும், கேசட் போகும். வீட்டில் பேசி அனுப்புவார்கள். அதைக் கேட்டுவிட்டு, அதன் மேலேயே நம் பதிலைப் பதிந்து திருப்பி அனுப்புவோம். அவர்கள் அதைக் கேட்டுவிட்டு அதன் மேலேயே மறுபடி பேசுவார்கள். ஒரே கேசட் இரண்டு மூன்று வருடம் போய்வந்துகொண்டிருக்கும். எங்களுக்கு அது சாமர்த்தியமாகத் தெரிந்தது. ஒவ்வொரு பதிலும் அதற்கு முந்தைய கேள்வியை அழித்துவிட்டுத்தான் போகிறது என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் முதல் லீவில் வந்தபோது உனக்கு ஆறு வயது. கூடத்தில் உட்கார்ந்து உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நீ என்னைப் பார்க்கவில்லை. அலமாரி மேல் இருந்த டேப் ரிக்கார்டரைத் திரும்பிப் பார்த்தாய். வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பல வருடம் வந்தவர் போனவரிடமெல்லாம் இதை வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். அந்த நீலப் பட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அன்றுதான் அது வேடிக்கை இல்லை என்று எனக்கு உறைத்தது.

இப்படி நினைவில் மிதந்துகொண்டிருந்தபோது பட்டை முடிவுக்கு வந்து, திரையில் சாப்ட்வேர் திறந்துகொண்டது. ஓடியது, தம்பி. நீ சொன்னது சரி, பழசுதான் ஓடியது. நான் தனியாளாக அதைப் போட்டுவிட்டேன் என்று உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்துவிட்டு, இதற்கு ஒரு மாலை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். உன் பாட்டுகளின் பட்டியல் வந்தது. கல்யாணப் பாட்டு, பெருநாள் பாட்டு, யாருடைய கடைக்கோ விளம்பரம். கடைசியில் 'பொம்மை' என்று ஒன்று. அதைத் திறந்தேன். ஒன்றின் கீழ் ஒன்றாக நான்கு வரிசை. செல்வம் அவற்றை ட்ராக் என்பான். முதலாவதில் கீபோர்டு, இரண்டாவதில் தாளம், மூன்றாவதில் 'நான்' என்று எழுதியிருந்தது. இந்த மூன்றிலும் அலை அலையாகக் கோடுகள். நான்காவதில் ஒன்றும் இல்லை. இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் வெறும் நேர்கோடு. அதன் பெயர் 'அத்தா.'

பிளே பட்டனை அழுத்தினேன். நீ பாடினாய்.

மண்ணுல பொம்ம செஞ்சேன், மழ வந்து கரச்சிடுச்சு
நெருப்புல வச்செடுத்தேன், நின்னு என்னப் பாத்துச்சு

இரண்டே வரி. பிறகு உன் குரல் நின்றுவிட்டது, வாத்தியம் மட்டும் அதே மெட்டில் போய்க்கொண்டிருந்தது. யாரோ வந்து சேர்ந்துகொள்வதற்காக மெதுவாக நடப்பது போல. சரியாக இரண்டு வரி நீளம். பிறகு மறுபடி நீ அந்த இரண்டு வரியைப் பாடினாய், மறுபடி வெற்றிடம். அந்தப் பாட்டு என்னுடையது என்பது எனக்குத் தெரிந்தது. சவூதிக்குப் போகும் முன்னால், உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு சூளைக் கொட்டகைகளின் ஓரமாக வீட்டுக்கு நடந்து வரும்போது, வாய்க்கு வந்தபடி கட்டிப் பாடியது. நான்கு வயதுக் குழந்தை அதை நினைவில் வைத்திருக்கும் என்று யார் கண்டது? ஆனால் அந்த நான்காவது ட்ராக் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. உன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கேலியெல்லாம் விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். ஜன்னலில் இருந்த கேசட்டை எடுத்து என் கையில் வைத்தாள். "இதப் போட்டுக் கேளுங்க. மொதல்ல ஏ பக்கம், அப்புறம் பி பக்கம்" என்றாள்.

அப்போதுதான் அந்தக் கேசட்டைச் சரியாகப் பார்த்தேன். அதன் முதுகுப் பக்கம் இரண்டு ஓரத்திலும் சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்குமே, அதை உடைத்துவிட்டால் பிறகு அதன் மேல் பதிய முடியாது. இரண்டும் உடைக்கப்பட்டிருந்தன. அலமாரி மேலிருந்து டேப் ரிக்கார்டரை இறக்கினேன். உள்ளே பெல்ட் தளர்ந்துவிட்டதால் குரல் முதலில் தூக்கத்தில் பேசுவது போல இழுத்து இழுத்து வந்தது, பிறகு நிமிர்ந்தது. ஏ பக்கத்தில் பேசியது நான். உனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நான் அனுப்பிய பதில். பிளாஸ்க் வாங்கி வைத்திருக்கிறேன், மோட்டாரை ரிப்பேர் பார்த்துவிடு, இப்படிப் போனது பேச்சு. கடைசியில் சொன்னேன்: "தம்பி பேசினதையும் கேட்டேன். சரி சரி, நல்லது. நல்லாப் படிக்கச் சொல்லு."

தம்பி, உன் போனில் கேட்டேனே ஒரு குரல், எங்கே கேட்டது என்று பிடிபடவில்லை என்றேனே, அது இதுதான். என்னுடைய குரல். கம்பெனியில் இப்போது என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். சூளையிலிருந்து எடுத்த பீங்கான் பியூஸ் கேரியரை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, கணீரென்று கேட்டால் ஒரு பக்கம், மொத்தையாகக் கேட்டால் மறுபக்கம் வைப்பது. உள்ளே விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். அன்று என் குரலே எனக்கு மொத்தையாகக் கேட்டது. ஏனென்றால் அது பொய். நீ பேசியதை நான் கேட்கவில்லை.

நடந்தது இதுதான். அதை உன்னிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை டேப் ரிக்கார்டரில் எனக்குக் கிடைத்தது ஒரு மணி நேரம். ஏ பக்கம் முழுக்க உன் அம்மா பேசியிருந்தாள். முடிவில், திருப்பிப் போடுங்கள், பி பக்கம் தம்பி பேசியிருக்கிறான் என்றாள். ஊருக்குப் போகிறவர் அன்று சாயங்காலமே கிளம்புகிறார், அதற்குள் நான் பதில் பதிய வேண்டும், அடுத்த ஆள் கதவருகில் தன் கேசட்டோடு நிற்கிறார். சின்னப் பையன் என்ன பேசியிருப்பான், ஸ்கூலைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பான், லீவில் போகும்போது கேட்டுக்கொண்டால் போகிறது என்று நினைத்தேன். கேட்கவில்லை என்று சொன்னால் நீ வருத்தப்படுவாயே என்றுதான் கேட்டேன் என்று சொன்னேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். ஏ பக்கத்திலேயே பதிலைப் பதிந்து, கேசட்டைக் கொடுத்தனுப்பினேன். அடுத்த வாரமே மறந்தும் போனேன்.

பி பக்கத்தைப் பதினெட்டு வருடம் கழித்து இப்போதுதான் கேட்டேன். நீ என்ன பேசினாய் என்பது உனக்கு மறந்திருக்காது. ஆனாலும் நான் கேட்டேன் என்று நீ நம்ப வேண்டுமே, அதற்காக அப்படியே எழுதுகிறேன். "அத்தா, ஸ்கூல் ஆண்டுவிழாவுல பாட பேர் குடுத்துட்டேன். நீங்க பாடுவீங்களே பொம்மப் பாட்டு, அது எனக்கு ரெண்டு வரிதான் தெரியுது. அம்மாவுக்கும் தெரியலயாம். மீதிய நீங்க பாடி அனுப்புங்கத்தா. பொம்ம காரு எல்லாம் வாணாம்." பிறகு அந்த இரண்டு வரியைப் பாடினாய். பாடிவிட்டு, "இங்க எடம் வுடறேன். நீங்க இதுலயே பாடிடுங்க" என்றாய். அப்புறம் நீ பேசவே இல்லை. டேப் ஓடிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தின் சத்தம், உன் அம்மா பாத்திரம் துலக்குகிற சத்தம், வெளியே ஒரு சைக்கிள் மணி. நீ மூச்சுவிடுவது கூடக் கேட்டது. எவ்வளவு நேரம் பாட வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டு அவ்வளவு நேரமும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாய். கடைசியில் ரொம்ப மெதுவாக, "பாடிட்டீங்களாத்தா?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினாய்.

நான் அழுதேன். உன் அம்மா பார்க்கிறாளே என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. நீ பி பக்கத்தில் விட்ட இடத்தில் நான் பாடியிருப்பேனோ என்று, கேசட் திரும்பி வந்த நாள் நீ அதைப் போட்டுப் பார்த்திருக்கிறாய். அங்கே உன் குரலும் கடிகாரமும்தான் அப்படியே இருந்திருக்கின்றன. அப்புறம் என்ன நடந்தது என்று அவள் சொன்னாள். "நீங்கதான் கேட்டேன்னு சொல்லிட்டீங்களே. அவன் தெனம் ஸ்கூலு வுட்டு வந்து ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தான், எங்கயாவது பாடியிருப்பீங்களோன்னு. அப்புறம் ஒருநாள் கத்திரிக்கோல எடுத்து அதும் முதுக ஒடச்சிட்டான்." ஆண்டுவிழாவில் அந்த இரண்டு வரியையே இரண்டு தடவை பாடிவிட்டு இறங்கி வந்தாய் என்றாள். இதை ஏன் இத்தனை வருடமாக என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் கேட்டுவிட்டுத்தான் பாடவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம், அதை எப்படிக் கேட்பது என்றாள்.

ஆக, கதவருகில் நின்று "யார்ரா கேக்கப் போறா" என்று நான் சொன்ன அன்று, உன் திரையில் எனக்காக ஒரு ட்ராக் காலியாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. "கேக்கறவங்க கேப்பாங்கத்தா" என்று சொல்லிவிட்டு நீ என்னைப் பார்த்தது எதிர்ப்பேச்சு இல்லை. மறுபடியும் ஒரு தடவை நீ இடம் விட்டிருக்கிறாய். நான் மறுபடியும் அதன் மேல் என் பேச்சைப் பதிந்துவிட்டுப் போயிருக்கிறேன்.

அன்று மதியமே பதிலைப் பாட உட்கார்ந்தேன். மீதி வரிகள் எனக்கு நினைவில்லை. நினைவில் இருக்கவும் நியாயமில்லை, தினம் ஒன்று மாற்றிக் கட்டியதுதானே. தெரியவில்லையே என்று முழித்தபோது உன் அம்மா, "அப்ப மட்டும் தெரிஞ்சா பாடினீங்க? நடந்துக்கினே கட்டினதுதான? இப்ப ஒக்காந்துக்கினே கட்டுங்க" என்றாள். இரண்டு நாள் ஆயிற்று. கம்பெனியில் தட்டிக்கொண்டே யோசித்தேன், மணிமுத்தாற்றுப் பாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே யோசித்தேன். பிறகு உன் மைக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு அந்தச் சிவப்புப் பட்டனை அழுத்தினேன். முதல் தடவை மின்விசிறிச் சத்தம் புகுந்தது. அதை நிறுத்தினால், உன் குரலுக்குப் பிறகு எங்கே தொடங்குவது என்று தவறிப்போனேன். இன்னொரு தடவை நன்றாக வந்தது, சேவ் செய்வதற்குள் கரண்ட் போனது. ஷமீம் கதவுக்கு வெளியே குழந்தையை வைத்துக்கொண்டு நின்றாள். வேர்வை கண்ணில் இறங்க, திரை மங்கி, நீ பாடி முடிக்கிற இடத்தில் நான் எடுத்தேன். காலியாக இருந்த அந்த நேர்கோடு நடுங்கி, அலையாக எழும்பத் தொடங்கியது.

பாத்த பார்வ மாறலியே, பாதி வழி போயிட்டேன்
திரும்பி வந்து நிக்கிறேன், தெரியுதாடா ஒங்கத்தா

குரல் நன்றாக இல்லை. மேலே போகிற இடத்தில் உடைகிறது. முடியும் இடத்தில் குழந்தை 'த்தா' என்று கத்தியதும் பதிவாகிவிட்டது. செல்வம் அதை வெட்டி எடுத்துவிடலாம் என்றான், வேண்டாம் என்றேன். இது அந்தப் பழைய சாப்ட்வேரில்தான் திறக்கும் என்பதால் அதையும் ஒரு சிடியில் போட்டு, கீ நம்பரை உறையில் எழுதியிருக்கிறேன். முதலில் அதைப் போடு. நீலப் பட்டை நகர்கிற வரைக்கும் பொறுமையாக இரு. பிறகு மற்ற சிடியைத் திற.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். போனில் உனக்கு நேரம் குறைவு, பக்கத்தில் ஆள் நிற்கிறார், களைப்பு, எல்லாம் எனக்குத் தெரியும். ஷமீம் ஏதாவது சொல்லி, அது உன் காதில் சரியாக ஏறவில்லை என்றால், ஏறவில்லை, இன்னொரு தடவை சொல் என்று கேள். வருத்தப்படுவாளே என்று 'சரி சரி, நல்லது' என்று சொல்லாதே. கேட்கவில்லை என்று நான் அன்று சொல்லியிருந்தால் நீ இன்னொரு தடவை பாடி அனுப்பியிருப்பாய். கேட்டேன் என்று சொன்னதால்தான் பதினெட்டு வருடம் போனது. உன்னைத் திரும்பி வா என்றும் சொல்லவில்லை, அங்கேயே இரு என்றும் சொல்லவில்லை. அந்த முடிவை இந்தத் தடவை நீ எடு. உன் அறையில் தொட்டில் கட்டிவிட்டோம், கம்ப்யூட்டரும் அங்கேயேதான் இருக்கிறது. இரண்டுக்கும் இடம் போதுமாக இருக்கிறது.

கேசட்டை நான் அனுப்பவில்லை, அலமாரியில் வைத்திருக்கிறேன். நீ உடைத்த அந்த இரண்டு ஓட்டையிலும் செலோ டேப்பை ஒட்டினால் மறுபடி பதியலாம் என்று செல்வம் சொன்னான். பி பக்கத்தில் நீ விட்ட இடத்தில் அத்தா பாடினால் நன்றாக இருக்குமே என்று டேப்பையும் கையோடு கொண்டுவந்தான். நான் ஒட்ட விடவில்லை. ஒன்பது வயதில் நீ எனக்காகப் பேசாமல் உட்கார்ந்திருந்த அந்த நேரம் அப்படியே இருக்கட்டும். அதைத் தினமும் ஒரு தடவை போட்டுக் கேட்கிறேன், தம்பி, கடைசி வரைக்கும்.

உன் அத்தா